ரிமோட் விமானத்தின் ரிசீவரில் குறுக்கீடு: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பறந்துகொண்டிருக்கும் மாதிரி விமானம் ஒரு நொடி கட்டுப்பாட்டை மீறினால், பக்கத்தில் இருக்கும் செல்போன் கோபுரத்தின் மீது பழியைப் போடுவது பலருக்கும் வழக்கம். இன்று புழக்கத்தில் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் பெரும்பாலானவை அலைவரிசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இயங்குவதால், அந்தப் பழி அநேகமாகப் பொருந்தாது. கோளாறை முதலில் விமானத்துக்குள்ளேயே தேட வேண்டும்.

பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். கருவிகளில் சிக்னலில் மின் இரைச்சல் கலந்தால் சர்வோக்கள் (இறக்கைப் பலகைகளையும் சுக்கானையும் அசைக்கும் சிறு மோட்டார்கள்) துடிக்கும். விமானத்தில் சிக்னலை வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரோ சிதைந்த தரவை ஒதுக்கிவிடும் என்பதால், சிக்னல் அறுந்தால் சர்வோ கடைசி நிலையில் அப்படியே நிற்கும் அல்லது ஃபெயில்சேஃப் நிலைக்கு, அதாவது சிக்னல் அறுந்தால் போகும்படி முன்பே அமைத்த பாதுகாப்பான நிலைக்குப் போகும். ஆகவே ஒரே ஒரு சர்வோ மட்டும் நடுங்கினால், அதற்குள் சர்வோவின் நிலையை உணரும், தேய்ந்துபோன பொட்டென்ஷியோமீட்டரையோ தளர்ந்த கனெக்டரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாச் சர்வோக்களும் ஒருசேர ஓரிரு நொடி செயலிழந்து மீண்டால், பெரும்பாலும் மின்னழுத்தம்தான் காரணம். பல சர்வோக்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலரில் உள்ள பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சுற்று) ஈடுகொடுக்க முடியாமல் போனால், ரிசீவர் அணைந்து மீண்டும் எழுகிறது. ரிசீவரின் காலி சேனலில் மல்டிமீட்டரை இணைத்து, கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சிகளையும் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். 5 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் அளவு தெளிவாகச் சரிந்தால், அதிக ஆம்பியர் தரும் பி.இ.சி. தேவை. நொடிப்பொழுதுச் சரிவு மீட்டரில் தெரியாமலும் போகலாம் என்பதால், மீட்டர் சரி என்று சொன்னால் மட்டும் நிம்மதியடைந்துவிட வேண்டாம்.

அடுத்து ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் சாதாரண கம்பி ஆன்டெனாவில் உண்மையில் வேலை செய்வது, உறை நீக்கப்பட்ட நுனியின் சுமார் 31 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தப் பகுதியை மடக்கவோ வெட்டவோ கூடாது. இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்குமாறு வைக்க வேண்டும்; ஏனெனில் நுனி நோக்கும் திசையில்தான் சிக்னல் மிகவும் பலவீனமாக இருக்கும். இதே காரணத்தால் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியையும் விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது. கார்பன் ஃபைபர் உடலுக்குள் ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் மறைக்கப்படும்; நுனியை வெளியே கொண்டுவருவதே வழி. பேட்டரி, மோட்டார், ஸ்பீடு கண்ட்ரோலர் ஆகியவற்றிலிருந்தும் அதை முடிந்தவரை விலக்கி வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகு தூரச் சோதனை. டிரான்ஸ்மிட்டரை, சக்தியைக் குறைக்கும் ரேஞ்ச் செக் நிலையில் வைத்து, மோட்டாரை அணைத்தபடி பின்னோக்கி நடந்து, கட்டுப்பாடு எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கருவிகளின் கையேடுகள் சுமார் 30 காலடி தூரம் வரை கட்டுப்பாடு நீடிக்க வேண்டும் என்கின்றன. பிறகு, விமானத்தை அசையாமல் கட்டி, புரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் எவரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மோட்டாரை ஓடவிட்டு மறுபடி நடக்க வேண்டும். தூரம் கணிசமாகக் குறைந்தால், இரைச்சல் விமானத்திலிருந்தே வருகிறது.

அந்த இரைச்சல் எதிலிருந்து பிறக்கிறது என்பது மோட்டாரைப் பொறுத்தது. பிரஷ் மோட்டார் என்றால், இரு முனைகளுக்கு இடையே ஒன்றும், ஒவ்வொரு முனையிலிருந்து உலோக உறைக்கு ஒன்றுமாக, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்றைப் பற்றவைக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் என்றால், இக்னிஷனை ரிசீவரிலிருந்து தள்ளி வைத்து, ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்கைப் பயன்படுத்துங்கள். நீளமான சர்வோ வயர்கள் இரைச்சலை ஏந்திவரக்கூடும் என்பதால், ரிசீவருக்கு அருகில் ஒரு ஃபெரைட் வளையத்தில் அவற்றைச் சில சுற்றுகள் சுற்றினால் பலன் கிடைக்கலாம். கேமரா விமானங்களில் 1.2 கிகாஹெர்ட்ஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர் தனிக் கதை: அதன் இரண்டாவது ஹார்மோனிக் (அலைவரிசையின் இரு மடங்கில் எழும் துணை அலை) நேராக 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்து விழுகிறது. இரண்டையும் ஒரே விமானத்தில் வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

பறக்கவிடுவதற்கு முன், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் மெதுவாக ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் ஃபெயில்சேஃபைத் திரும்ப அமைத்து, நிற்கும் வரை சோதியுங்கள்.