நைரோபியில் ஆள் சேர்க்கும்போது: முதல் நாளே கடிதம், கடைசி நாளும் கடிதம்

நைரோபி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கணக்கும் ஆள் விவகாரமும் பார்க்கிறேன். நம் ஊரிலிருந்து புதிதாக மேனேஜராக வருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது, "சார், எல்லாரையும் கேஷுவல்ல எடுத்துட்டா பிரச்சினை இல்லைல்ல?" பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

காலை ஆறரைக்கே கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்பார்கள். அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்கே கூலி கொடுக்கும் இந்த வேலைக்கு இங்கே 'கிபாருவா' என்று பெயர். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் கென்யாவின் 2007 வேலைவாய்ப்புச் சட்டம், 37-வது பிரிவைப் படியுங்கள். ஒருவர் தொடர்ந்து வேலை செய்த நாட்கள் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வந்துவிட்டாலோ, அவர் செய்வது மூன்று மாதத்துக்குள் முடியாத வேலையாக இருந்தாலோ, அவரை அதற்கு மேல் கிபாருவா என்று சொல்ல முடியாது. வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாளும் அந்தக் கணக்கில் சேரும். அதன் பிறகு அவரை அனுப்ப 28 நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும்.

முன்பு நான் இருந்த கம்பெனியில் ஒரு லோடரிடம் சூப்பர்வைசர் "நாளைக்கு வராதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நேராக லேபர் ஆபீஸ் போனார். அங்கே எங்கள் பக்கம் ஒரு காகிதமும் இல்லை. அவரிடம் இருந்தது ஓரம் உடைந்த போன் மட்டும்தான். எம்-பேசா (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) மெசேஜ்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக் காட்டினார்: சனிக்கிழமை, சனிக்கிழமை, சனிக்கிழமை... பதினான்கு வாரக் கூலி. அதிகாரி பென்சிலால் கோடு போட்டு எண்ணினார். நோட்டீஸ் பணமும் விடுப்புக்கான பணமும் கொடுத்தோம். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

அதனால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஓடப்போகும் வேலை என்றால் முதல் நாளே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேலை என்ன, இடம், நேரம், சம்பளம், வீட்டு வாடகைப்படி, விடுப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்குவது முதலாளியின் கடமை. எழுதி வைக்காவிட்டால் பிறகு நிரூபிக்கும் பாரமும் முதலாளி தலையில்தான்.

ஆள் தேர்வில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். சூப்பர்வைசர் தன் இனத்து ஆட்களையே கூட்டி வருவது இங்கே சகஜம்; அனுமதிக்காதீர்கள். இனம், மதம், கர்ப்பம், எச்ஐவி நிலை இவற்றை வைத்து ஒருவரை ஒதுக்குவது 5-வது பிரிவின்படி குற்றம், நேர்முகத் தேர்விலும்கூட.

சம்பளப் பிடித்தம் சுலபம்: என்எஸ்எஸ்எஃப் (ஓய்வுக்கால நிதி) தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு 6 சதவீதம் (உச்ச வரம்பை ஒவ்வொரு வருடமும் பாருங்கள்), வீட்டு வசதி வரி அதேபோல் ஆளுக்கு 1.5, எஸ்எச்ஐஎஃப் (மருத்துவக் காப்பீட்டு நிதி) தொழிலாளியிடமிருந்து மட்டும் 2.75, பிறகு வருமான வரி. வருடத்துக்கு 21 வேலை நாள் விடுப்பு, பிரசவத்துக்கு மூன்று மாதம், அப்பாவுக்கு இரண்டு வாரம். எல்லாமே முழுச் சம்பளத்தோடு.

சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். தொழிலாளி சம்மதித்தால் நீட்டலாம், மொத்தம் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. 'சோதனைக் காலத்தில் இருப்பவரை விசாரிக்காமலே அனுப்பலாம்' என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2021-ல் தொழிலாளர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அவருக்கும் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

அந்த விசாரணையைச் சடங்காக நடத்தாதீர்கள். 41-வது பிரிவு கேட்பது இரண்டு: குற்றச்சாட்டை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் சக தொழிலாளியோ சங்கப் பிரதிநிதியோ கூட இருக்க வேண்டும். போன வருடம் இரண்டு பேக்கிங் ஃபிலிம் ரோல் காணாமல் போனதற்கு ஒரு பையனைக் கூப்பிட்டோம். கிஸ்வாஹிலியில் பேசினோம். அவன் வாயே திறக்கவில்லை. கூட வந்த மெஷின் ஆபரேட்டர்தான் கேட் ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். ரோல் வெளியே போன நேரம் இரவு 9.40. பையனுடைய ஷிப்ட் ஆறு மணிக்கே முடிந்திருந்தது. அவன் இன்றும் எங்களிடம்தான் வேலை செய்கிறான். விசாரிக்காமல் அனுப்பியிருந்தால் திருடன் என்ற பெயரோடு போயிருப்பான். நாங்களும் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கட்ட நேர்ந்திருக்கலாம்.

ஆட்குறைப்பு வேறு வழி. ஒரு மாதம் முன்பே லேபர் ஆபீசுக்கும், சங்க உறுப்பினர் என்றால் சங்கத்துக்கும் எழுத வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது 15 நாள் சம்பளம் தர வேண்டும்.

எப்படிப் போனாலும், தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்குப் பணிச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, எங்கே என்று நாலு வரி போதும். "கணக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இழுக்காமல் அன்றைக்கே கையில் கொடுங்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேறொரு கேட்டில் நிற்கும்போது அவரிடம் காட்ட அதுதான் இருக்கும்.