சட்டம் படிக்க விருப்பமா? முதலில் கோட்டுக்குப் போய் இருங்கோ

"அக்கா, எனக்குச் சட்டம் படிக்க விருப்பம். உயர்தரத்தில என்ன பாடம் எடுக்கிறது?" கிளிநொச்சியில் என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஒருக்காலாவது கோட்டுக்குள்ள இருந்து வழக்குப் பார்த்தனீரா?"

பாடத் தெரிவு சின்ன விஷயம். குற்றவியல் என்று தனிப்பாடம் எங்கட பாடசாலைகளில் இல்லை. சட்டபீடத்துக்குக் கலைப்பிரிவில் இருந்துதான் போகலாம் என்றும் இல்லை. கலைப்பிரிவு என்றால் அளவையியலும் (தர்க்கம்) அரசியல் விஞ்ஞானமும் எடுங்கோ. எடுகூற்றிலிருந்து, அதாவது முதலில் உண்மை என்று எடுத்துக்கொண்ட கூற்றிலிருந்து, ஒரு முடிவு வருமா வராதா என்று பார்க்கிற பழக்கம் பிறகு குறுக்கு விசாரணையில் சோறு போடும். சட்ட வைத்திய அதிகாரியாக வரத்தான் ஆசை என்றால் கதை வேறு: அதற்கு மருத்துவபீடம் போகவேண்டும், ஆகவே உயிரியல்.

இனி கோடு. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை சொல்கிறது. சில வழக்குகளில் நீதிபதி வெளியாட்களை விலக்கலாம்; மற்றும்படி பின்வரிசை வாங்கில் இருக்க உங்களுக்கும் இடமுண்டு. பாடசாலைக் கடிதத்தோடு போய்ப் பதிவாளரிடம் சொல்லிவிட்டு இருந்தால் ஒருவரும் துரத்தமாட்டார்கள். போனை நிற்பாட்டிப் பையில் வையுங்கோ. முதலில் நீதவான் நீதிமன்றம் பாருங்கோ. ஒரு காலையில் மணல், மரம், கசிப்பு (கள்ளச் சாராயம்), அடிபிடி, தாபரிப்பு (பராமரிப்புக் காசு) என்று வரிசையாக வரும். கொப்பியில் மூன்று நிரல் போடுங்கோ: என்ன குற்றச்சாட்டு, யார் என்ன சொன்னார், நீதவான் என்ன கட்டளை போட்டார். "பிணை கிடைச்சது" என்று எழுதினால் காணாது. காசுப் பிணையா, ஆள் பொறுப்பு நிற்கிற சரீரப் பிணையா, எவ்வளவு, அடுத்த தவணை எப்ப? சட்டத்தரணி மட்டும்தான் வேலை என்றும் நினைக்கவேண்டாம். வழக்கைக் கூப்பிடுகிற கோட்டு முதலியார், உரைபெயர்ப்பாளர், நன்னடத்தை உத்தியோகத்தர் எல்லாரும் அங்கே உங்கள் கண்முன் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து 366 ஆம் பிரிவை, களவை, வாசியுங்கோ. ஒருவன் இன்னொருவனுடைய காணியில் நிற்கிற மரத்தைக் களவெடுக்கும் எண்ணத்தோடு தறிக்கிறான். மரத்தை வண்டியில் ஏற்றியபிறகா களவு? இல்லை, மரம் நிலத்தை விட்டுப் பிரிந்த கணமே களவு முடிந்துவிட்டது என்கிறது அதிலுள்ள உதாரணம். பாலையும் முதிரையும் தறிபடுகிற எங்கட ஊரில் இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை.

பிறகு 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு: பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க ஏலாது. அதற்குப் பக்கத்தில் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவை வைத்து வாசியுங்கோ. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தது என்றால் அங்கே அது சான்றாகும். வன்னியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் வழக்கு இந்த ஒரு வித்தியாசத்தில் தொங்கினது என்று பெரியாட்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

சிங்களத்தை விடாதையுங்கோ. நான் பதினொராம் வகுப்புப் படிக்கேக்க எங்கட இரண்டு மாடு களவு போனது. அப்பா ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தார். சிங்களத்தில் எழுதினார்கள், அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வழக்குக்கு வந்தபோது அதில் ஒரு மாடுதான் இருந்தது. எதிரித்தரப்புச் சட்டத்தரணி அப்பாவைப் பொய்யன் ஆக்கிப்போட்டார். தமிழில் முறைப்பாடு கொடுக்க உரிமை இருக்கிறது, அதைக் கேளுங்கோ. ஆனால் எழுதினதை வாசிக்கவும் தெரிந்திருக்கவேண்டும். இங்கிலீசும் அப்படித்தான், மேல்நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிக்காமல் சட்டம் படிக்கேலாது.

கிழமைக்கு ஒருநாள் இதைச் செய்து பாருங்கோ. ஏ9 வீதியில் நீங்கள் கண்ட ஏதாவது ஒன்றைச் சாட்சி சொல்வதுபோல் பத்து வரியில் எழுதுங்கோ. "வேகமாக வந்தது" என்ற சொல் வந்தால் வெட்டிப்போட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கோ. எங்கே நின்று பார்த்தீர், எத்தனை அடி தூரம், வெளிச்சம் இருந்ததா, இடையில் லொறி ஏதும் மறைத்ததா?

மறந்துபோனேன்: வாங்கில் கால்மேல் கால் போட்டு இருக்கவேண்டாம். முதல்நாள் நான் போட்டேன். முழுக் கோடும் திரும்பிப் பார்க்க, "பிள்ளை, காலை இறக்கு" என்றார் வாசலில் நின்ற பொலிஸ்காரர்.