சிங்கப்பூரில் மிஷன் பள்ளி தேடும் பெற்றோருக்கு

ஊரில் மிஷன் பள்ளிகளில் படித்து வளர்ந்த நம்மில் பலர், சிங்கப்பூருக்கு வந்து இறங்கியதும் பிள்ளைக்கும் அப்படியொரு பள்ளி கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஏசிஎஸ் (ஆங்கிலோ-சைனீஸ் ஸ்கூல்), செயின்ட் ஜோசப்ஸ் ஆகிய பெயர்களில் இங்கே இரண்டு வகைப் பள்ளிகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு விசாரித்தால் அலைச்சல் குறையும்.

முதல் வகை, கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் நடக்கும் பழைய மிஷன் பள்ளிகள். லசால் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கச் சபையினர் 1852இல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ், மெதடிஸ்ட் போதகர் ஓல்ட்ஹாம் 1886இல் தொடங்கிய ஏசிஎஸ் ஆகியவை இவ்வகையின. தொடக்கநிலை ஒன்றுக்கான (முதல் வகுப்புக்கான) பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்த பிறகே, மூன்றாம் கட்டத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை வரும். அதற்கும் விருப்பத்தை முன்கூட்டியே இணையத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய வகுப்புகளில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஇஐஎஸ் என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும், எந்தப் பள்ளி என்பதை அமைச்சுதான் முடிவு செய்யும். இதை அறியாமல், விரும்பிய பள்ளிக்கு அருகிலேயே இரண்டாண்டு வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டுத் தவித்த குடும்பத்தை நான் அறிவேன். வீடு பார்ப்பது பள்ளி முடிவான பிறகு இருக்கட்டும்.

இரண்டாம் வகை, அதே மிஷன் மரபில் பிறந்த சர்வதேசப் பள்ளிகள்: 2005இல் தொடங்கிய ஏசிஎஸ் இன்டர்நேஷனல், 2007இல் தொடங்கிய, செயின்ட் ஜோசப்ஸ் மரபின் எஸ்ஜேஐ இன்டர்நேஷனல். இங்கே பள்ளியிடமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலானது), ஐபி (பள்ளி இறுதிக்கானது) ஆகிய சர்வதேசத் தேர்வுகளுக்குப் படிக்கலாம். கட்டணம் மிக அதிகம். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் அதைக் கட்டாவிட்டால், இளைய பிள்ளையையும் சேர்த்துப் பள்ளிப் படிப்பு முடியும் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மதம் குறித்து இந்து, முஸ்லிம் பெற்றோருக்குத் தயக்கம் இருப்பது இயல்பு. என் மகள் படித்த மிஷன் பள்ளியில் காலைக் கூட்டத்தில் சிறு ஜெபம் உண்டு. முதல் வாரம் வீட்டுக்கு வந்து, “கண்ணை மூடினால் நான் எந்தச் சாமியை நினைக்கணும்?” என்று கேட்டாள். அவளுடைய வகுப்பாசிரியரிடம் கேட்டேன்; அமைதியாக நின்றாலே போதும் என்றார். சேர்வதற்கு முன்பே வழிபாட்டு நேரம், பைபிள் வகுப்பு, விலக்குக் கோரும் முறை ஆகியவற்றை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

என் உண்மையான கவலை தமிழைப் பற்றியது: இப்பள்ளிகளில் சேரும் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வழி இருக்குமா? சிலிகி சாலையை ஒட்டிய ஷார்ட் ஸ்ட்ரீட்டில், 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி, தமிழ் வணிகர்களின் ஆதரவுடன் ஒன்பது சிறுமிகளைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதுதான். இந்நாட்டு மிஷன் கல்வியில் நம் சிறுமிகளுக்கு அப்படியொரு தொடக்கம் இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

அமைச்சின் பள்ளிகளில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். தமிழ் வகுப்பு நடக்காத பள்ளியானால், பிள்ளை உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற வேறிடத்துக்குச் சென்று படிக்க நேரலாம். அந்தப் பயண நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சர்வதேசப் பள்ளியானால், தமிழ் உண்டா, எந்த வகுப்பு வரை, எந்தத் தேர்வுக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.