பாண்டியில் கம்பெனி, பண்ருட்டியில் சரக்கு: பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்திலிருந்து பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கிறேன் என்று எங்கள் ஆபீஸ் படியேறுகிறவர்களிடமிருந்து பத்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "சார், பாண்டியில மாமா வீடு சும்மாதான் இருக்கு. அங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டா டாக்ஸ் கம்மிதானே?" பல வருஷத்துக்கு முன் வந்தவர்கள் இதையே கேட்டு, இதிலேயே மாட்டினார்கள். இன்று லேப்டாப்போடு வருகிற பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பான் கார்டில் வேறு மாதிரி என்பதையெல்லாம் ஃபார்ம் போடுகிறவரே பார்த்துக்கொள்வார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மாமா வீட்டு விலாசம்

பாண்டியில் டாக்ஸ் கம்மி இல்லை. கம்பெனி கட்டுகிற வருமான வரி மத்திய அரசுடையது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் பாண்டி லாஸ்பேட்டையில் இருந்தாலும் ஒரே விகிதம்தான். வாட் வரி இருந்த காலத்தில் சில பொருளுக்கு வித்தியாசம் இருந்தது உண்மை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. பெட்ரோல் போட பாண்டி போகிற பழக்கம்தான் இன்னும் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லப்போனால் சின்ன வியாபாரிக்குப் பாண்டி விலாசம் பாரம்தான். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். அதுவும் எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்க் கடைக்குச் சரக்கு விற்றால் மாநிலம் விட்டு மாநில விற்பனை ஆகிவிடும். வரம்பெல்லாம் பேச முடியாது, பதிவு எடுத்தே ஆக வேண்டும்.

எங்களிடம் வந்த இரண்டு நண்பர்கள் கதையைச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஷெட் போட்டு முந்திரிப் பருப்பை வறுத்து பாக்கெட் போடுகிற தொழில். பதிவு செய்து தருகிற வேறொருவர் மூலம், இருவரில் ஒருவருடைய மாமாவின் பாண்டி வீட்டு விலாசத்தில் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில், மாமாவின் சம்மதக் கடிதம், அவ்வளவுதான். வேலை சுலபமாக முடிந்தது. புதுச்சேரி என்பதால் ஜி.எஸ்.டி. எண் 34 என்று ஆரம்பிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. பில் போட்டதெல்லாம் 34-இல். ஆனால் வறுப்பது, பேக் செய்வது, வண்டி ஏற்றுவது எல்லாம் பண்ருட்டியில். வாங்குகிறவர்கள் கடலூரிலும் விழுப்புரத்திலும். சரக்கு தமிழ்நாட்டிலேயே கிளம்பித் தமிழ்நாட்டிலேயே இறங்குகிறது, பில் மட்டும் பாண்டியிலிருந்து வந்த மாதிரி, மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட்டு நிற்கிறது. கட்ட வேண்டியது ஒரே மாநிலத்துக்குள் நடக்கிற விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும். அதைக் கட்டுவதற்குத் தமிழ்நாட்டுப் பதிவே இல்லை. சரியான வரியைக் கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும்.

இதற்கு நடுவில் மாமா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார். நேரில் பார்க்க வந்த ஜி.எஸ்.டி. அதிகாரியிடம், "அப்படி கம்பெனி எதுவும் இங்க இல்லீங்க" என்று குடியிருந்த காலேஜ் பையன்கள் சொல்லிவிட்டார்கள். பதிவை ரத்து செய்யலாமா என்று நோட்டீஸ். கம்பெனிப் பதிவாளர் அனுப்பிய தபாலும் திரும்பிப் போனது. பதிவு அலுவலகம் என்றால் தபால் வாங்க அங்கே ஆள் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், உச்சம் ஒரு லட்சம். கம்பெனிக்கும் உண்டு, பொறுப்பான அதிகாரிகளுக்கும் உண்டு.

சரி, விலாசத்தைப் பண்ருட்டிக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். ஒரே ஊருக்குள் தெரு மாறினால் போர்டு தீர்மானமும் ஒரு ஃபார்மும் போதும். மாநிலம் மாறினால் கம்பெனியின் மெமோராண்டம் என்கிற அடிப்படை ஆவணத்தையே திருத்த வேண்டும். சிறப்புத் தீர்மானம், கடன் கொடுத்தவர்கள் பட்டியல், தமிழ்ப் பேப்பரில் ஒன்றும் இங்கிலீஷ் பேப்பரில் ஒன்றுமாக விளம்பரம், தலைமைச் செயலாளருக்கு நோட்டீஸ், அப்புறம் மத்திய கம்பெனி விவகாரத் துறையின் மண்டல இயக்குநர் அனுமதி. கம்பெனிச் சட்டப்படி விசாரணையோ வழக்கோ நிலுவையில் இருந்தால் அந்த அனுமதியும் கிடையாது. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற ஊருக்கு இத்தனை! கூட்டாளிகள் பொறுப்பை வரையறுத்து நடத்துகிற எல்.எல்.பி.யில் இது கொஞ்சம் எளிது. அந்த நண்பர்கள் விலாசத்தைப் பண்ருட்டிக்கு மாற்றியே விட்டார்கள். ஆனால் 34-இல் தேங்கிய உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொள்ள வேண்டிய வரியை, 33-க்கு எடுத்து வர வழியில்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது அந்த நண்பர்கள் மேல் இல்லை. பதிவு செய்து கொடுத்தவர் "சரக்கு எங்கேப்பா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பாண்டியில் நிஜமாகவே கடையோ கோடவுனோ இருந்தால் தாராளமாக அங்கே பதிவு செய்யுங்கள். கூடவே பண்ருட்டி ஷெட்டுக்குத் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி.யைத் தனியாக எடுங்கள். உணவுப் பொருள் உரிமம் அந்தந்த இடத்துக்குத்தான். மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியும் அப்படியே: பண்ருட்டிக்குத் தமிழ்நாடு வாரியம், பாண்டிக்கு அவர்களுடைய குழுமம்.

சான்றிதழ் வந்தாச்சு, வேலையை ஆரம்பிச்சாச்சு

பதிவுச் சான்றிதழை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டதும் தொழில் தொடங்கிவிட முடியாது. பங்குதாரர்கள் போடுவதாக ஒப்புக்கொண்ட மூலதனப் பணம் கம்பெனியின் பேங்க் கணக்கில் விழ வேண்டும். அதைச் சொல்லி 180 நாளுக்குள் ஐ.என்.சி. 20ஏ ஃபார்ம் போட வேண்டும். அதுவரை வியாபாரமும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. பலர் சொந்த சேவிங்ஸ் கணக்கிலிருந்தே மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, "பணம் போட்டாச்சே சார்" என்பார்கள். மெஷின் பில் இதற்கு ஆதாரம் ஆகாது, கம்பெனியின் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் ஆதாரம். தவறினால் கம்பெனிக்கு 50,000 அபராதம். டைரக்டர்களுக்கு நாளுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை.

பெயர்

முதலில் அந்தப் பெயரில் வேறு யாருக்காவது டிரேட்மார்க் இருக்கிறதா என்று தேடுங்கள். போர்டு அடிப்பது அப்புறம்.

எல்.எல்.பி. ஒப்பந்தம்

எல்.எல்.பி. பதிவான 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை ஃபார்ம் 3-இல் தாக்கல் செய்ய வேண்டும். "பார்ட்னர் என் மச்சான்தான்" என்பது ஒப்பந்தம் ஆகாது.

"வியாபாரமே நடக்கல, எதுக்கு ஃபைலிங்?"

ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் கணக்கும் ஆண்டறிக்கையும் போட வேண்டும். தாமதமானால் கம்பெனிக்கு ஒவ்வொரு ஃபார்முக்கும் நாளுக்கு 100 ரூபாய். இதற்கு உச்சவரம்பு கிடையாது. தொடர்ந்து மூன்று நிதியாண்டு போடாமல் விட்டால் டைரக்டர் தகுதி ஐந்து வருஷத்துக்குப் போய்விடும். இந்தக் கம்பெனி படுத்துவிட்டது, வேறு கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

முதல் ஆடிட்டர்

கம்பெனி பதிவான 30 நாளுக்குள் போர்டு கூடி நியமிக்க வேண்டும். கணக்கு முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

உத்யம் பதிவு

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இது. இலவசம். கட்டணம் என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.