பந்து எறிதல்: பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

"பொண்ணு மாதிரி எறியாதடா" என்று பையனைத் திட்டுவதுதான் முதல் தவறு. பக்கத்தில் நிற்கும் சிறுமிக்கு, இது தனக்கு வராது என்று அங்கேயே மனதில் பதிந்துவிடுகிறது.

வித்தியாசமே கிடையாது என்று மழுப்புவதும் சரியில்லை. 1985-ல் ஜெர்ரி தாமஸ், கேரன் பிரெஞ்ச் இருவரும் 64 ஆய்வுகளைத் தொகுத்து, 20 உடல் திறன்களில் ஆண், பெண் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றில் பருவமடையும் வரை இடைவெளி சிறியதுதான். எறியும் வேகத்தில் மட்டும் அது மூன்று நான்கு வயதிலேயே பெரிதாக இருந்தது, வயதோடு கூடவும் செய்தது. அதற்காக ஒட்டுமொத்த உடல் ஒருங்கிணைப்பிலும் பெண்கள் பின்தங்கியவர்கள் என்று முடிவுகட்டக் கூடாது. விரல் நுணுக்க வேலைகளில் சிறுமிகள்தான் சராசரியாக முந்துகிறார்கள்.

அடுத்தது, "இன்னும் பலமா எறி!" என்று கத்துவது. எறிதலின் வேகம் காலில் தொடங்குகிறது. பழக்கமில்லாத பிள்ளையைக் கவனியுங்கள்: மார்பு இலக்கைப் பார்த்தபடியே நிற்கும், வலக்கையால் எறியும்போது வலக்காலே முன்னால் வரும், முழங்கை தோளுக்குக் கீழே தொங்கும், பந்தைத் தள்ளிவிடும். பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். இடக்காலை எடுத்து வைத்ததும் இடுப்பு திரும்ப வேண்டும், அதன்பிறகே தோள், கடைசியில்தான் கை. இந்த வரிசை பிடிபட்டதும் பந்து போகும் தூரமே மாறிவிடும்.

இதில் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று சந்தேகமா? நன்றாக எறியும் பையனை மற்றக் கையால் எறியச் சொல்லுங்கள். அதே தள்ளல், அதே தொங்கும் முழங்கை! ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வில், எறிதலில் ஆண், பெண் இடைவெளி அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதைவிடக் குறைவாக இருந்தது.

ஈட்டி எறிதல் சாதனைகளைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. ஆண்களின் ஈட்டி 800 கிராம், பெண்களுடையது 600 கிராம். கருவியே வேறாக இருக்கும்போது மீட்டர் கணக்கை நேராக ஒப்பிட முடியாது.

அப்புறம், தொடக்கத்திலேயே குறிபார்த்து அடிக்கச் சொல்லாதீர்கள். தவறிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை உடலைத் திருப்பாமல் விறைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்களுக்கு விரல்களுக்குள் அடங்கும் சின்னப் பந்தும் திறந்த வெளியும் போதும். குறி எல்லாம் பிறகு.