சின்னக் குழந்தைகளுக்குச் சுறா விளையாட்டு: எங்கே சொதப்புகிறோம்?

டைனோசருக்கு அடுத்தபடியாகச் சின்னக் குழந்தைகளுக்குப் பைத்தியம் என்றால் சுறா மேல்தான். அதனால் பள்ளியில் கடல் பற்றிய பாடம் வந்தாலோ, லீவில் வீட்டில் பொழுது போகாவிட்டாலோ, யூடியூபைத் திறந்து நாலு சுறா கைவேலையைப் பார்த்துவிட்டு நாமும் கத்திரிக்கோலை எடுத்துவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் மூன்று, நான்கு வயதில் குழந்தை நாம் வாயால் சொல்வதைப் பாதிதான் காதில் வாங்கும், கையால் செய்ததை மொத்தமாக நம்பும். விளையாட்டே தப்பாகக் காட்டிவிட்டால் அப்புறம் எத்தனை தடவை விளக்கினாலும் ஏறாது.

முதலில் வால். கடையில் கிடைக்கும் பொம்மைகள், வண்ணம் தீட்டும் தாள்கள், இணையத்து அட்டை மாதிரிகள் என்று நிறைய இடத்தில் சுறாவுக்கு டால்ஃபின் வாலை மாட்டியிருப்பார்கள், சிலதில் தலைக்கு மேல் தண்ணீர் பீய்ச்சுவது போலவும் வரைந்திருப்பார்கள். சுறா மீன். அதன் வால் செங்குத்தாக நிற்கும், இடமும் வலமுமாக ஆடும். டால்ஃபினும் திமிங்கலமும் பாலூட்டிகள், அவற்றின் வால் தட்டையாகப் படுத்திருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். இதை விளக்கவே வேண்டாம், குழந்தையை இரண்டு உள்ளங்கையையும் கும்பிடுவது போலச் சேர்த்து இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள், அது சுறா. பிறகு கையைத் தரையைப் பார்த்து விரித்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், அது டால்ஃபின். அட்டையில் சுறா செய்தால் செவுள் பிளவுகளையும் விட்டுவிடாதீர்கள்: பெரும்பாலான வகைகளுக்குப் பக்கத்துக்கு 5, சிலவற்றுக்கு 6 அல்லது 7. எண்ணி எண்ணிக் கோடு போடுவது எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சரியான வேலை.

அடுத்தது உப்புத்தாள். "சுறாவின் தோல் சொரசொரப்பு" என்று சொல்லி உப்புத்தாளை வெட்டி ஒட்டச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. பாதி உண்மை. உப்புத்தாள் எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரி உரசும். சுறாவின் தோலில் பல் மாதிரியே அமைந்த நுண்ணிய செதில்கள் வாலைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன, அதனால் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால்தான் சொரசொரப்பு. சுவாரசியமே அந்தத் திசையில்தான் இருக்கிறது. பழைய வெல்வெட் துணி ஒரு துண்டு இருந்தால் போதும், ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடுக்கும். மீன் சந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு பால் சுறாவை நிஜமாகவே தொட்டுப் பார்க்கச் செய்யலாம். பல்லில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவ மறக்காதீர்கள்.

அதிகம் சொதப்புவது எண்ணெய் பாட்டில் சோதனை. மற்ற மீன்களில் பலவற்றுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை உண்டு, சுறாவுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாகப் பெரிய ஈரல், அதில் நிறைய எண்ணெய். சில வகைகளில் உடல் எடையில் கால் பங்கு வரைகூட ஈரல் இருக்கும். இதைக் காட்ட ஒரே மாதிரி இரண்டு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஒன்றில் சமையல் எண்ணெய், ஒன்றில் தண்ணீர் நிரப்பி வாளியில் போடுவார்கள். அரைகுறையாக நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றால் இரண்டுமே மிதக்கும், எனவே வாய் வரை நிரப்பி மூட வேண்டும். கண்ணாடி பாட்டில் என்றால் எண்ணெய் பாட்டிலும் சேர்ந்து மூழ்கலாம். "கடல் மாதிரி இருக்கட்டுமே" என்று வாளியில் உப்பைக் கரைத்தால் தண்ணீர் பாட்டிலும் மிதந்து வந்து நிற்கும், பிள்ளைகள் நம்மைப் பார்ப்பார்கள். இதெல்லாம் முதல் நாள் இரவே ஒருமுறை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தப்பு ஒன்று உண்டு: எண்ணெய் பாட்டில் மேலே மிதக்கிறது, ஆகவே சுறாவும் மிதக்கும் என்று முடித்துவிடுவது. பெரும்பாலான சுறாக்கள் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம்தான், நீந்துவதை நிறுத்தினால் மெதுவாகக் கீழே இறங்கும். ஈரல் எண்ணெய் அந்தக் கனத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் எண்ணெய் பாட்டிலில் நூல் கட்டிச் சின்னக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, அது மெல்ல இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதே கற்களைத் தண்ணீர் பாட்டிலில் கட்டினால் தொப்பென்று அடியில் போய் உட்காரும். வித்தியாசம் அங்கேதான் புரியும்.

எலும்பு விஷயத்தில் "சுறாவுக்கு எலும்பே இல்லை" என்று மொட்டையாகச் சொன்னால் குழந்தை ஜெல்லியை நினைத்துக்கொள்ளும். காது மடலையும் மூக்கு நுனியையும் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாதிரிப் பொருளால்தான் சுறாவின் உடல் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் சுறா சமைப்பவர்களுக்குத் தெரியும், மற்ற மீனில் போல முள் எடுத்துக்கொடுக்கிற வேலையே இருக்காது.

விளையாட்டுகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, "நின்றால் அவுட்": நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடும் என்று சொல்லி ஓடவிடுவது. பெரிய வெள்ளைச் சுறா போன்றவற்றுக்கு ஓயாத நீச்சல் தேவைதான், ஆனால் கடல் தரையில் படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக விட்டு மூச்சுவிடும் சுறாக்கள் எத்தனையோ. இரண்டு அணியாகப் பிரித்துவிடுங்கள், ஒன்று ஓடும் சுறா, இன்னொன்று படுத்துக்கிடக்கும் சுறா. ஓடி அலுத்த குழந்தைகள் இரண்டாவது அணிக்கு அடித்துக்கொள்வார்கள், அது வேறு கதை. இன்னொன்று கண்ணைக் கட்டிக்கொண்டு "இரை" தேடுவது. சுறாவுக்குக் கண் தெரியாது என்ற கட்டுக்கதையை இது உறுதியாக்கிவிடும். மங்கிய வெளிச்சத்தில்கூட சுறாவுக்கு நன்றாகப் பார்வை உண்டு, மூக்கும் கூர்மை, போதாததற்கு மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனின் உடலில் எழும் மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட முகத்திலுள்ள நுண்துளைகளால் உணரும். கண்ணைக் கட்டாமல், கம்பளிக்கு அடியில் பொம்மையை ஒளித்துவைத்துக் கையால் தடவித் தேடச் சொல்லுங்கள்.

எல்லாச் சுறாவையும் ஒரே ஏ4 தாளில் ஒரே அளவில் வரைய வைப்பது நல்ல வாய்ப்பை வீணாக்குவது. உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா வகைகள் இருக்கின்றன. மிகச் சிறிய வகைகளில் ஒன்று முழு வளர்ச்சியிலும் 20 செ.மீ. அளவுதான், ஒரு அடி ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். திமிங்கலச் சுறாவோ 12 மீட்டரும் அதற்கு மேலும் வளரும், கிட்டத்தட்ட ஒரு டவுன் பஸ். மைதானத்தில் 12 மீட்டர் கயிற்றைப் போட்டு, அதன் மேல் வரிசையாகக் குழந்தைகளைப் படுக்கவையுங்கள், எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று அவர்களே எண்ணட்டும். இவ்வளவு பெரிய உடம்பு என்ன தின்னும் என்றால் தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரினங்களையும் குட்டி மீன்களையும்தான். ஒரு கிண்ணத் தண்ணீரில் எள்ளைத் தூவி டீ வடிகட்டியால் அள்ளச் சொன்னால் போதும்.

பயம் பற்றி. ரத்தம் சொட்டும் வாய், முக்கோணப் பல் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கூச்சல் போட்டு ரசிப்பார்கள்தான், ஆனால் அடுத்த தடவை கடற்கரைக்குப் போனால் காலை நனைக்க அழும் குழந்தையும் அதில் இருக்கும். அதற்கு மருந்தாகப் புள்ளிவிவரம் சொல்வதும் வேலைக்காகாது. சீண்டாமலே நடந்த தாக்குதலில் உலகம் முழுக்கச் சாகிறவர்கள் வருடத்துக்குச் சராசரியாக ஐந்தாறு பேர்தான் என்பது நமக்கு ஆறுதல், நாலு வயதுக்கு அது வெறும் எண். "சுறா நம்ம ஃபிரெண்ட்" என்று கட்டிப்பிடிக்கும் பொம்மையாக்குவதும் எனக்குப் பிடிக்காது. அது காட்டு விலங்கு, தன் பாட்டுக்கு வாழ்கிறது, தொடாமல் பார்க்கலாம். அவ்வளவு சொன்னால் போதும். மெரினாவில் பிள்ளை பயப்பட வேண்டியது அலைக்குத்தான்.

கார்ட்டூனில் வரும் சுறாக் குடும்பத்தை நம்பி "அம்மா சுறா பாலூட்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். சில முட்டையிடும், சில குட்டி போடும், ஆனால் பிறந்த நிமிடமே குட்டி தன் வழியே போய்விடும்.

கடைசியாக, நம் ஊரில் மட்டும் வரும் சிக்கல். காலையில் "சுறாவைக் காப்போம்" என்று போஸ்டர் எழுதிவிட்டு மதியம் சாப்பாட்டில் சுறாப்புட்டு இருந்தால் குழந்தை கேட்கும். மழுப்பாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கென்றே பால் சுறா வாங்கிச் சமைக்கும் வீடுகள் நம்முடையவை, மீனவர்களுக்கு அது பிழைப்பு. அதே சமயம் சுறா மெதுவாக வளர்ந்து குறைவாகக் குட்டி போடுவதால் பிடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, சில வகைகளைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. இதை இப்படியே எளிமையாகச் சொல்லலாம். புதுச்சேரியின் பெயரையே தாங்கிய ஒரு சுறா அந்தப் பட்டியலில் இருக்கிறது, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. திமிங்கலச் சுறாவும் 2001 முதல் பட்டியலில் உண்டு. குஜராத்தில் ஈரல் எண்ணெய்க்காக அதை வேட்டையாடிக்கொண்டிருந்த கரையோர ஊர்களில், 2004இல் தொடங்கிய பிரச்சாரத்தில், அதன் நிஜ அளவில் காற்றடைத்த பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்; "பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள்" என்று ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு சொன்னது மீனவர்களிடம் எடுபட்டது, வலையில் சிக்கியதை வலையை அறுத்துவிட்டு விடுவிக்க ஆரம்பித்தார்கள்.

போஸ்டருக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு திமிங்கலச் சுறாவின் உடலிலும் உள்ள புள்ளிகள் நம் கைரேகை போல வேறு வேறு, ஆய்வாளர்கள் அதை வைத்தே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிகிறார்கள். பெரிய சார்ட்டில் சுறாவை வரைந்து, வெள்ளைப் பெயிண்டில் விரலைத் தோய்த்து ஆளுக்கொரு சுறாவில் இஷ்டத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஸ்டென்சில் வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுத் தன் சுறா எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெயரை மட்டும் பின்பக்கம் எழுதிவையுங்கள், இல்லையென்றால் சண்டையைத் தீர்க்க முடியாது.