கடற் பற்றீரியாவும் நைதரசன் பதித்தலும்: மலையக மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலை மலைகளில் நிழலுக்காக நடப்பட்ட முள்முருங்கை, தன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவின் துணையால் வளிமண்டல நைதரசனைப் பயன்படுத்தக்கூடிய சேர்வையாகப் பெறுவதை, அதாவது நைதரசன் பதித்தலை, மலையகத்தில் உயர்தர உயிரியல் பயிலும் மாணவர்கள் நன்கறிவர். அந்த அறிவு பெறுமதியானது. ஆனால் அதை அப்படியே கடலுக்கும் பொருத்தி விடையெழுதுவது பெருந்தவறு.

வேர்முடிச்சுக்குள் வாழும் பற்றீரியாவுக்கு உணவளிப்பதும் ஒட்சிசனைக் கட்டுப்படுத்தித் தருவதும் தாவரமே. திறந்த கடலில் தனித்து வாழும் சயனோபற்றீரியாவுக்கு (ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா வகை) அத்தகைய புகலிடம் இல்லை. அது ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுகிறது. அந்த ஒட்சிசனோ நைதரசனைப் பதிக்கும் நொதியமான நைதரசனேசைச் செயலிழக்கச் செய்கிறது. இச்சிக்கலை இனத்துக்கு இனம் வெவ்வேறாகத் தீர்த்துக்கொள்வதால், "கடற் பற்றீரியா இரவில் மட்டுமே நைதரசனைப் பதிக்கும்" என்று பொதுப்பட எழுதுவது பிழை. திரைக்கோடெசுமியம் என்ற கடற் சயனோபற்றீரியா பகலிலேயே பதிக்கிறது. குரோகோசுபேரா என்ற மற்றொன்று பகலில் ஒளித்தொகுப்பையும் இரவில் பதித்தலையும் செய்கிறது. இரும்பு அரிதான நீரில் வாழும் அது, பகலில் ஒளித்தொகுப்புப் புரதங்களில் இருந்த இரும்பையே இரவில் நைதரசனேசுக்குப் பயன்படுத்தி, விடிந்தபின் மீண்டும் இடம்மாற்றுகிறது என்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கலமொன்று தன் வளங்களைச் சீராக்கும் விதத்தை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. மாணவர்கள் இதை மனனம் செய்யாமல் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீரில் நைத்திரேற்று (உயிரிகள் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய நைதரசன் சேர்வை) இருந்தால் பதித்தல் உடனே நின்றுவிடும் என்பது அடுத்த தவறு. ஒரு நைதரசன் மூலக்கூறைப் பதிக்கக் குறைந்தது 16 ஏடிபி (கலத்தின் சக்தி மூலக்கூறு) செலவாவதால் அம்முடிவு இயல்பாகவே தோன்றும். எனினும் ஆய்வுகூட வளர்ப்புகளில் நைத்திரேற்றைச் சேர்த்தபோது திரைக்கோடெசுமியத்தின் பதித்தல் வீதம் குறைந்ததேயன்றி எப்போதும் முற்றாக அற்றுப்போகவில்லை. குரோகோசுபேராவில் பெரிய மாற்றமே காணப்படவில்லை. மறுபுறம், நைதரசன் குறைந்த நீர் என்பதால் மட்டும் பதித்தல் பெருகிவிடாது. இரும்பும் பொசுபரசும் போதியளவு கிடைக்க வேண்டும்.

நீர் மாதிரியொன்றில் நைதரசனேசுக்கான பரம்பரையலகு கண்டறியப்பட்டால், பதித்தல் நடைபெறுகிறது எனக் கொள்ளலாகாது. பரம்பரையலகு இருப்பது வேறு, நொதியம் தொழிற்படுவது வேறு.

காபனீரொட்சைட்டு கூடினால் பதித்தலும் கூடும் என்ற கூற்றிலும் கவனம் தேவை. இரும்பு நிறைவாக இருந்த சில திரைக்கோடெசுமிய வளர்ப்புகளில் அவ்வாறு நிகழ்ந்தது. ஆனால் இரும்பு குறைந்த நீரில், காபனீரொட்சைட்டுடன் கூடிவரும் அமிலத்தன்மை பதித்தலைக் குறைத்ததாகவும் ஆய்வுகள் கண்டுள்ளன. எனவே இரும்பின் நிலையைக் குறிப்பிடாமல் இக்கேள்விக்கு விடையெழுதக் கூடாது.